சூலியாக்கள் விற்ற துணிக்கு நூல் நூற்றவர்கள்

சிம்பாங் அம்பாட் வட்டாரம் பதினெட்டாம் நூற்றாண்டில் கெடா சுல்தானின் மண். 1800-இல்தான் அது அடங்கிய செபராங் பிறை ஆங்கிலேயர் கைக்குப் போனது. எதிரே இருந்த பினாங்குத் தீவில் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11 அன்றே கொடியேற்றிவிட்டார். அவர் முன்பு கெடாவுக்கு வந்ததும் மதராஸ் வணிக நிறுவனம் ஒன்றின் ஆளாகத்தான். சோழமண்டலக் கரையிலிருந்து இப்பக்கம் வந்த சரக்குகளில் முதலிடம் பருத்தித் துணிக்கு.

1794-இல் லைட் எழுதிய கடிதம் ஒன்றில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறத்தாழ 1,000 பேர் தீவில் குடியிருப்பதாகச் சொல்கிறார். ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் கப்பலேறி வந்து, சில வெள்ளிகள் சம்பாதித்து ஊர் திரும்புகிறார்கள் என்றும் எழுதுகிறார். கடைக்காரர்கள், கூலிகள் என்று அவர்களின் தொழிலும் பதிவாகியிருக்கிறது. கடையில் மடித்து வைத்திருந்த துணிக்கு நூல் நூற்ற பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பெண்களைத் தேடி நாகூர், பரங்கிப்பேட்டைத் துறைகளைத் தாண்டி உள்நாட்டுச் சிற்றூர்களுக்குப் போக வேண்டும். தறியில் அமர்ந்தவர் பெரும்பாலும் ஆண். நூலோ பெண்ணின் உழைப்பு. பருத்தியில் கொட்டை நீக்கி, வில்லால் அடித்துப் பஞ்சாக்கிய பிறகு ராட்டை சுழலத் தொடங்கும். வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் குடியானவர் வீட்டுப் பெண்களும் நூற்றார்கள். நூற்றதைச் சந்தையில் விற்று அரிசியும் உப்பும் வாங்கினார்கள். ஆண் துணையற்ற பெண்கள் நூல் நூற்றுப் பிழைத்ததைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கடந்தும் கைம்பெண்ணுக்கு நூற்கும் வேலைதான் சோறு போட்டது. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டைகள் சுழல வேண்டும். நெசவாளர் வீட்டிலோ தார் சுற்றுவதும் பாவுக்குக் கஞ்சி போடக் கைகொடுப்பதும் மனைவி, மகள்களின் வேலை. கூலி என்னவோ நெய்தவர் பெயரில்தான் எழுதப்பட்டது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

புடவைக்குத் தையல் வேண்டியதில்லை. அதே கரையின் துணி மலாய்ப் பெண்ணின் கையில் வேறு உருவம் எடுத்தது. இரு முனைகளையும் மூட்டினால் சாரோங். வெட்டித் தைத்தால் பாஜு என்ற மேலாடை. பெரும்பாலும் வீட்டிலேயே நடந்த ஊசி வேலை அது. கப்பல் தலைவர்களின் சட்டை, கோட்டுகளைத் தைத்த தொழில்முறைத் தையற்காரர்கள் ஆண்கள்.

அக்காலப் பினாங்கில் பெயர் தெரிந்த பெண்கள் மிகச் சிலர். லைட்டின் துணைவி மார்ட்டினா ரொசெல்ஸ் அவர்களில் ஒருவர். இவர்களின் மகன் வில்லியம் லைட் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை வடிவமைத்தார். 1794 அக்டோபரில் இறந்த லைட், தம் உயிலில் மார்ட்டினாவுக்குச் சொத்து எழுதி வைத்ததால் அவர் பெயர் ஆவணத்தில் நின்றது. நூற்ற பெண்களுக்கு உயிலும் இல்லை, பத்திரமும் இல்லை.

1820-களுக்குப் பிறகு இங்கிலாந்தின் ஆலை நூல் தமிழகச் சந்தைகளில் மலிவாக இறங்கியது. நெசவாளர்களில் பலர் அந்த நூலை வாங்கித் தறியைத் தொடர்ந்து ஓட்டினார்கள். நூற்ற பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்களின் தொழில்தான் முதலில் அழிந்தது.