டீம் யாருடையது? மைதானம் யாருடையது?

ஒரு டீம் ஊரை விட்டே போய்விட்டால் ரசிகன் என்ன செய்வான்? அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. சென்னை ரசிகர்களுக்கு 2018-ல்தான் அந்த வலி முழுசாகப் புரிந்தது.

முதலில் அமெரிக்கக் கதை. 1952 சீசன் முழுக்க பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 2.8 லட்சம் பேர்தான். அடுத்த வருடமே முதலாளி டீமை மில்வாக்கிக்குக் கொண்டுபோனார். கூட்டம் 18 லட்சத்தைத் தாண்டியது! மற்ற முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1957 சீசன் முடிந்ததும் புரூக்ளின் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும், நியூயார்க் ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கும் மூட்டை கட்டின. டாட்ஜர்ஸ் ஆடிய எபெட்ஸ் ஃபீல்டை 1960-ல் இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அன்று டிக்கெட் காசுதான் பெரிய வருமானம். கூட்டம் எங்கேயோ, டீம் அங்கே.

இப்போது நம்மூருக்கு வருவோம். சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நடந்தது 1934-ல். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் 1952-ல் இங்கேதான். ஆனால் 1956 முதல் 1965 வரை சென்னை டெஸ்ட்கள் சென்ட்ரல் பக்கத்தில் உள்ள கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் (இன்றைய நேரு ஸ்டேடியம்) நடந்தன. மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். 1967-ல் டெஸ்ட் மறுபடி சேப்பாக்கம் வந்தது. தாம்பரம், குரோம்பேட்டை ஆட்களுக்கு இந்த மாற்றத்தால் பெரிய கஷ்டமில்லை. எந்த மைதானமானாலும் மின்சார ரயிலில் போய்விடலாம்.

2008-ல் ஐபிஎல் வந்தது. இந்தியா சிமென்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு சென்னை டீமை வாங்கியது. கவனிக்க, வாங்கியது டீமை மட்டும்தான். சேப்பாக்கம் அரசு நிலம், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. ஆக, டீம் ஒருவருடையது, மைதானம் இன்னொருவருடையது, நிலம் மூன்றாமவருடையது!

2012-லிருந்து சேப்பாக்கத்தின் ஐ, ஜே, கே கேலரிகள் அனுமதிப் பிரச்சினையால் மூடிக் கிடந்தன. 2014-ல் சென்னையின் உள்ளூர் ஆட்டங்கள் ராஞ்சிக்குப் போயின. 2019 இறுதிப்போட்டியும் இதனால்தான் ஹைதராபாத்துக்குப் போனது.

நடுவில் இரண்டு வருடத் தடை. அது முடிந்து 2018 ஏப்ரல் 10-ல் டீம் சேப்பாக்கத்தில் இறங்கியபோது காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. தண்ணீருக்காகத் தவிக்கும் நேரத்தில் கிரிக்கெட் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பாதுகாப்பு தர முடியாது என்று போலீஸ் சொல்ல, மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. மின்சார ரயில் தூரத்தில் இருந்த மைதானம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. ரசிகர்கள் விட்டார்களா? சுமார் ஆயிரம் பேர் தனி ரயிலில் புனேவுக்கே போய்விட்டார்கள்! அங்கே வாட்சன் சதம் அடித்தார். அந்த வருடம் கோப்பையும் சென்னைக்குத்தான்.

சொந்த மைதானம் இல்லாமலே கோப்பை! இது எப்படி முடிகிறது? கணக்கு மாறிவிட்டது. ஐபிஎல்லில் பெரிய பணம் டிவி உரிமையிலிருந்து வருகிறது. அதை எல்லா டீமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கேலரி காலியாக இருந்தாலும் கல்லா காலியாகாது. பிரேவ்ஸுக்கு வந்த நெருக்கடி இவர்களுக்கு வராது. 2020 முதல் 2022 வரை கொரோனாவால் சென்னை டீம் சேப்பாக்கத்தில் ஒரு ஐபிஎல் ஆட்டம்கூட ஆடவில்லை. டீம் தாக்குப் பிடித்தது.

இதன் மறுபக்கம்தான் யோசிக்க வேண்டியது. ஊரை விட்டு ஓடவேண்டிய அவசியம் டீமுக்கு இல்லை என்றால், ஊரில் இருந்தே ஆகவேண்டிய அவசியமும் இல்லை. வரவு செலவுக் கணக்கில் ரசிகன் சின்ன வரிதான்.

ஆனால் 2023 ஏப்ரல் 3 அன்று நாலு வருடம் கழித்து டீம் திரும்பியபோது சேப்பாக்கம் மஞ்சளாக நிரம்பி வழிந்தது. புரூக்ளின்காரர்களுக்கு இப்படி ஒரு நாள் வரவே இல்லை. காரணம் எளிது. அங்கே திரும்பி வர டீமும் இல்லை, மைதானமும் இல்லை. இங்கே மைதானமாவது அப்படியே காத்திருந்தது.