குடைந்த கல்லும் உடைத்த கல்லும்

கட்டடம் என்பது சேர்த்து எழுப்புவது. குடைவரை என்பது நீக்கி வெளிப்படுத்துவது. கட்டடத்தில் ஒரு கல் பழுதுபட்டால் வேறொரு கல்லை வைத்து ஈடுசெய்யலாம். குடைவரையிலோ உளி ஒருமுறை தவறினால் தவறியதுதான். ஆகவே, முதல் கல் தெறிக்கும் முன்பே முழுக் கோயிலும் சிற்பியின் உள்ளத்தில் உருப்பெற்றிருத்தல் வேண்டும். இவ்வருங்கலையில் தலைசிறந்து விளங்கியோருள் தமிழரும் எத்தியோப்பியரும் அடங்குவர்.

எத்தியோப்பியாவின் வடபால் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் லாலிபெலா என்னும் ஊர் உள்ளது. அங்குப் பாறையில் குடையப்பெற்ற தேவாலயங்கள் 11. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட லாலிபெலா என்னும் மன்னன் பெயரால் அவை போற்றப்படுகின்றன. அவற்றுள் புனித ஜார்ஜ் தேவாலயம் சிலுவை வடிவினது. அதன் கூரை தரைமட்டத்தில் இருக்கும். சுற்றிலும் ஆழ வெட்டிய பள்ளத்தினுள் ஒரே கல்லாய்த் தேவாலயம் நிற்கும்.

சாலைகள் அமையாத காலத்தில் அம்மேட்டுநிலத்தைக் கடக்கக் கோவேறு கழுதைகளே உற்ற துணை. செங்குத்தான சரிவுகளில் கால் பிறழாது சுமை தாங்கிச் செல்லும் இயல்பு அவற்றுக்கு உண்டு. 1520களில் அங்குச் சென்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஆல்வாரெஸ், தாம் கண்டவற்றை எழுதினார். அந்நூல் 1540இல் வெளிவந்தது. இதற்குமேல் எழுதினால் உலகம் நம்பாது என்று அவரே அதில் அஞ்சுகிறார். உள்ளூர் மக்களோ, பகலில் மனிதர் செய்த வேலையை இரவில் வானவர் தொடர்ந்தனர் என்று கதை சொல்வர்.

தமிழகத்திற்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி நான்முகன், சிவன், திருமால் மூவருக்கும் அமைத்த கோயில் இது என அவன் கல்வெட்டே பெருமிதத்துடன் கூறுகிறது. கழுகுமலை வெட்டுவான் கோயில் பாண்டியர் பணி. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. லாலிபெலாவுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முற்பட்டது எனினும், வேலைமுறை ஒன்றே: மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறங்குவது. இங்கும் ஒரு கதை உண்டு. தந்தையும் மகனும் போட்டியிட்டுச் சிற்பம் செய்தனர் என்றும், சினங்கொண்ட தந்தை மகனைக் கொன்றதால் பணி நின்றது என்றும் கூறுவர்.

கதைகள் வியப்பை உரைக்கும், உழைப்பை மறைத்துவிடும். உழைப்பை உரைப்பது முற்றுப்பெறாத கல்லே. வெட்டுவான் கோயிலின் சிகரம் செம்மையுற முடிந்திருக்க, அடிப்பகுதி கரடாகவே நிற்கிறது. வேலை எங்குத் தொடங்கி எத்திசையில் சென்றது என்பதை அக்கரட்டுப் பாறையே எடுத்துரைக்கிறது. மாணவர்க்கு அதைவிடத் தெளிவான வரலாற்றுப் பாடம் வேறில்லை.

கல்லை வெட்டுவதில் மற்றொரு வகையும் உண்டு. சிங்கப்பூரின் பொங்கோல் கடற்கரையில் நின்று பார்ப்போர்க்கு எதிரே புலாவ் ஊபின் தீவு தெரியும். அங்கு வெட்டிய கருங்கல் 1851இல் நிறைவுற்ற ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்கும், பின்னர் ஜொகூர் கடற்பாலத்திற்கும் பயன்பட்டது. 1999இல் கல்வெட்டும் தொழில் அங்கு முடிவுற்றது. அக்குழிகளில் இன்று நீர் நிறைந்துள்ளது. அது நாடு கட்டிய வெட்டு; அதனைக் குறைகூற இயலாது. ஆனால் 1843இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நடந்ததோ வேறு. ஏறத்தாழ 50 வரிகள் பொறித்த தொன்மையான பெரும்பாறையை, வாய்க்காலை அகலப்படுத்தும் பணியின்போது வெடி வைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதில் உள்ள எழுத்துகளைச் சோழரின் ‘பரகேசரி’ என்னும் பட்டத்தோடு இணைத்து ஆய்வாளர் ஒருவர் அண்மையில் கருத்துரைத்துள்ளார். முழுப் பாறையும் இருந்திருப்பின் ஆய்வுக்குக் கூடுதல் சான்று கிடைத்திருக்கும்.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கும் இந்நிலை நேர இருந்தது. அக்குன்றுகளில் தமிழிக் கல்வெட்டும், சமணர் சிற்பமும், பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும் உள்ளன. 2022இல் தமிழக அரசு அப்பகுதியைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. எனினும், 2024 நவம்பரில் அதனையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கான ஏல முடிவு வெளியாயிற்று. டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் சுற்றுவட்டார உழவர்கள் திரண்டு மதுரைக்குப் பேரணியாக வந்தனர். அம்மாதமே மத்திய அரசு ஏலத்தை நீக்கியது.

உழவர்கள் காக்க விரும்பியது முதலில் தம் வயலையும் கண்மாயையும்தான். ஆயினும் தம் குன்றில் இன்னது உள்ளது என்பதை அறிந்திருந்தமையால், அவர்தம் வாதம் வலுப்பெற்றது. சிங்கப்பூர்ப் பாறைக்கு அவ்வாறு வாதாட 1843இல் ஊரார் திரண்டு எழவில்லை. குடைந்த கல் நிலைப்பதும் உடைந்து போவதும் அதனைப் படிக்கத் தெரிந்தோர் அருகில் உளரா என்பதைப் பொறுத்தது. அத்தகையோரை உருவாக்கும் இடம் வகுப்பறை. கழுகுமலையின் கரட்டுப் பாறையை ஒரு மாணவன் சரியாகப் படித்துவிட்டால், தன் ஊர்ப் பாறையையும் அவன் வெறுங்கல்லாகக் காணமாட்டான்.