தைமசு இல்லாத சுண்டெலிகள்

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு டி கலம், பி கலம் எல்லாம் பரீட்சைக்காகப் பாடமாக்கின சொற்கள். 1960இல் இந்தச் சொற்களே இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமசுச் சுரப்பி என்ன வேலை செய்யுது எண்டு கேட்டால், பேராசிரியர்களிடமே பதில் இல்லை.

வளர்ந்த விலங்குகளில் தைமசை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒண்டும் நடக்கவில்லை. அப்ப அது தேவையில்லாத உறுப்பு எண்டு முடிவு. அந்த முடிவு புத்தகத்தோடு நிற்கவில்லை. சிறுகுழந்தைகளுக்குத் தைமசு இயல்பிலேயே பெரியது. அதை வீக்கம் எண்டு நினைத்து, சுருக்குவதற்காக 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ் கதிர் பாய்ச்சினார்கள். அவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் தைரொயிட் புற்றுநோய் வந்தது.

இந்தக் கதையை மாற்றினவர் ஜாக் மிலர். 1931இல் பிரான்சில் பிறந்தவர். யுத்த காலத்தில், 1941இல், குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். அவருடைய அக்கா பதின்ம வயதிலேயே கசநோயால் இறந்தவர். மிலர் சிட்னியில் மருத்துவம் படித்து, பிறகு ஆய்வுக்காக இங்கிலாந்துக்குப் போனார். அங்கே கிடைத்த ஆய்வுகூடம், மாற்றியமைத்த ஒரு குதிரை லாயம்.

அவர் தேடிப் போனது நிர்ப்பீடனத்தை இல்லை. சுண்டெலிகளுக்கு ஒரு வைரசு எப்படி இரத்தப் புற்றுநோயை உண்டாக்குது எண்டதுதான் கேள்வி. அந்த நோய் தைமசில் தொடங்கும். வைரசைப் பிறந்த உடனேயே ஏற்றினால்தான் வேலை செய்யும். ஆகவே மிலர் பிறந்த குட்டிகளிலேயே தைமசை அகற்றிப் பார்த்தார். ஒரு குட்டி ஒரு இஞ்சி அளவுதான் இருக்கும். அதில் சத்திரசிகிச்சை!

குட்டிகள் முதலில் நன்றாகத்தான் வளர்ந்தன. பால்குடி மறந்த பிறகு மெலிந்து சாகத் தொடங்கின. வைரசு ஏற்றாத குட்டிகளும் செத்தன. "தொற்று ஏதோ வந்திட்டுது" எண்டு அவற்றை எறிந்துவிட்டு, அடுத்த தொகுதியை எடுத்திருக்கலாம். மிலர் அப்படிச் செய்யவில்லை. இரத்தத்தைப் பார்த்தார்: நிணநீர்க்குழியங்கள் மிகக் குறைவு. வேறு இன எலிகளின் தோலை ஒட்டினார்: சாதாரண எலியின் உடல் அதை நிராகரித்துவிடும். இவற்றின் முதுகிலோ ஒட்டின தோல் அப்படியே நின்று, அதில் மயிரும் முளைத்தது.

1961இல் 'த லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. நிர்ப்பீடனத் தொகுதி உருவாவதற்குத் தைமசு வேண்டும். அந்தத் தேவை வாழ்க்கையின் தொடக்கத்தில்தான் உச்சம். வளர்ந்த விலங்கில் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிட்டிருக்கும். முந்தின ஆய்வாளர்கள் பிந்தித்தான் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாரும் உடனே ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற பீற்றர் மெடவாரே, தைமசில் நிணநீர்க்குழியங்கள் இருப்பதைப் பெரிய முக்கியத்துவம் இல்லாத பரிணாம விபத்தாகப் பார்த்தார். லாயத்தின் அழுக்குத்தான் எலிகளைக் கொன்றது எண்டும் ஒருவர் கேட்கலாம்தானே? மிலர் அமெரிக்காவில் கிருமியற்ற சூழலில் இதே சோதனையைச் செய்தார். அங்கே எலிகள் மெலியவில்லை. ஆனால் அந்நியத் தோலை நிராகரிக்கவும் அவற்றால் முடியவில்லை. கொன்றது கிருமிதான். அதைத் தடுக்க உடலில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

1968இல் மெல்பேர்னில், மாணவர் கிரகாம் மிற்செலுடன் அடுத்த படி. பிறபொருளெதிரியைச் சுரக்கிற கலங்கள் என்பு மச்சையிலிருந்து வருகின்றன. தைமசுக் கலங்கள் அவற்றுக்கு உதவுகின்றன. டி, பி பிரிவு இப்படித்தான் பிறந்தது. 1980களில் எயிட்ஸ் வந்தபோது, எச்.ஐ.வி அழிப்பது உதவி டி கலங்களை எண்டு விளங்கிக்கொள்ள முடிந்ததும் இந்தப் பிரிவு தெரிந்திருந்ததால்தான்.

2019இல் மிலருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது, மக்ஸ் கூப்பருடன் சேர்த்து. அப்போது அவருக்கு வயது 88. அந்தக் குட்டிகள் ஏன் சாகுது எண்டு கேட்டு 58 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.