ஆறுமுக நாவலர் (1822–1879)

யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக 1822 டிசம்பர் 18ஆம் தேதி பிறந்து, ஐம்பத்தேழு ஆண்டு நிறையுமுன்னே மறைந்தவராகிய ஆறுமுக நாவலர், பிரசங்கியாகவும் பதிப்பாசிரியராகவும் வசனநடை வல்லாளராகவும் போற்றப்படுபவராயினும், எல்லாவற்றிற்கும் முன்னே அவர் ஓர் உபாத்தியாயர். அவர் எழுதியதும் பேசியதும் அச்சிட்டதும் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தொழிலிலிருந்தே கிளைத்தவை.

தந்தையார் தமிழ்ப் புலமையுடையவர், நாடகங்கள் இயற்றியவர். மகனுடைய இளமையிலேயே அவர் இறந்துபோக, முடியாமற் கிடந்த அவருடைய நாடகம் ஒன்றைச் சிறுவனாகிய ஆறுமுகமே பாடி முடித்ததாகக் குடும்பத்தார் சொல்லிவந்தனர். ஊர்த் திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்தபின், சரவணமுத்துப் புலவரிடத்தும் இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். ஆங்கிலங் கற்கும் பொருட்டு வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். அதன் தலைவராயிருந்தவர் பேர்சிவல் பாதிரியார்.

இப்பாடசாலையை வெறும் ஆங்கிலப் பள்ளியாக எண்ணிவிடலாகாது. போர்த்துக்கேயர் காலத்திலே கோயில்கள் இடிபட்டு, ஒல்லாந்தர் காலத்திலே உத்தியோகம் வேண்டுவோர் ஞானஸ்நானம் பெறவேண்டிய நிலை நிலவிய யாழ்ப்பாணத்துக்கு, ஆங்கிலேயர் ஆட்சி மதபலாத்காரத்தை நீக்கிப் பாடசாலையைக் கொண்டுவந்தது. 1814இல் இலங்கை வந்த வெஸ்லியன் பாதிரிமாரும், 1816இல் வந்த அமெரிக்கப் பாதிரிமாரும், 1818 முதல் நல்லூரிலே தங்கிய சர்ச் மிஷன் சபையாரும் ஊர்தோறும் பள்ளிக்கூடமும் துண்டுப்பத்திரமும் அச்சுக்கூடமும் அமைத்துக்கொண்டபோது, அவற்றுக்கு எதிரே நிற்கச் சைவருக்கு ஏட்டுச்சுவடியும் திண்ணையும் தவிர வேறு கருவி இருக்கவில்லை. வாதத்தில் வல்ல பண்டிதர் பலர் இருந்தனர். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் சமயம் இன்னதென்று எளிய வசனத்தில் எடுத்துச் சொல்லும் புத்தகம் ஒன்றேனும் இல்லை.

மாணாக்கராய்ச் சேர்ந்த பாடசாலையிலேயே இருபது வயதுக்குள் உபாத்தியாயராகிய ஆறுமுகனார், பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் அமர்ந்து, விவிலியத்தைத் தமிழிலே பெயர்க்கும் பணியிற் பல ஆண்டு துணைநின்றார். சென்னையிலே அம்மொழிபெயர்ப்பின் தமிழ்நடையை மழவை மகாலிங்கையர் பார்த்து மெச்சினார் என்பது வழங்கிவரும் செய்தி. சைவத்துக்காக வாழ்ந்தவர் கிறிஸ்தவ வேதத்துக்குத் தமிழ் கொடுத்ததை ஒரு முரணாகக் காட்டுவோருண்டு. எமக்கோ அதுவே அவருடைய வாழ்வின் திறவுகோலாகத் தோன்றுகிறது. ஒரு சமயத்தைப் பரப்பும் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது, வகுப்புவாரியான பாடப்புத்தகம் எவ்வாறு அமைகிறது, வினாவிடை எவ்வாறு பிள்ளையின் நெஞ்சிற் பதிகிறது என்பவற்றை அவர் அந்த வீட்டினுள் இருந்தே பார்த்தறிந்தார். பார்த்ததை முழுவதும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பாதிரியாரிடத்திலே சம்பளம் பெற்றுவந்த நாட்களிலேயே, காலையிலும் இரவிலும் தம் வீட்டிலே சில பிள்ளைகளுக்கு ஊதியம் வாங்காமற் பாடஞ் சொல்லி, பிற்காலத்து உபாத்தியாயர்களை அவர் ஆக்கிக்கொண்டிருந்தார். 1847 டிசம்பர் 31ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவருடைய முதற் சைவப் பிரசங்கம் நிகழ்ந்தது. கோயிலிலே புராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் பழையது. ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு வசனத்திலே வாரந்தோறும் விரித்துரைப்பது யாழ்ப்பாணத்துச் சைவருக்குப் புதியது. மறு ஆண்டிலே உத்தியோகத்தை விட்டார். வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை அதே 1848இல் திறக்கப்பட்டது. முன்னர் வீட்டிற் படித்த மாணாக்கரே அங்கே படிப்பித்தனர். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காத பாடசாலைக்குப் பணம் எப்பொழுதும் முட்டுப்பாடாகவே இருந்தது. ஊரவர் வீடுகளில் ஒதுக்கிய பிடியரிசியும் அதற்கு உதவியதென்பர். நாவலர் இல்லறத்திற் புகாமல் நைஷ்டிகப் பிரமசாரியாகவே இருந்தமையால், தமக்கெனத் தேடவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

பாடசாலை இருந்தது, பாடப்புத்தகம் இல்லை. ஆகவே அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு, மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையை உடனழைத்துக்கொண்டு 1849இற் சென்னைக்குச் சென்றவர், வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கஞ் செய்ய, ஆதீனத்தார் ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கினர். ஊருக்குத் திரும்பியதும் வித்தியாநுபாலன யந்திரசாலை வண்ணார்பண்ணையில் அமைந்தது. பாலபாடங்கள் அங்கிருந்து வெளிவந்தன. முதற் புத்தகம் எழுத்திலும் சிறு சொற்களிலும் தொடங்கி, குழந்தை மூச்சுவிடாமற் படிக்கத்தக்க குறுவாக்கியங்களிற் செல்லும். நான்காம் புத்தகத்தை எட்டும்போது அதே பிள்ளை, கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு, அழுக்காறு என்று விஷயம் விஷயமாக வகுத்த, காரணமும் விளைவும் நிரலே கோத்த நெடிய வசனத்தைப் படித்துக்கொண்டிருக்கும். படிப்படியாக ஏற்றிச்செல்லும் இந்த முறை மிஷன் பள்ளியினது. உள்ளே வைத்த பொருள் சைவ நூல்களினது. சைவவினாவிடையும் இலக்கணச்சுருக்கமும் இவ்வாறே வகுப்பறையை நினைத்து எழுதப்பட்டவை.

1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம், சேக்கிழார் பாடிய அடியார் சரித்திரங்களைச் செய்யுள் விளங்காதாருக்கும் எட்டச் செய்தது. தொடர்களைக் குறியீடுகளால் நிறுத்திப் பிரித்து அச்சிடும் வழக்கத்தைத் தமிழிலே நிலைநாட்டியவர்களில் அவர் முதன்மையானவர். பதிப்பாசிரியராக அவர் செய்தது இதனினும் பெரிது என்று சொல்வது மிகையாகாது. நன்னூல் விருத்தியுரையும், 1861இல் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் பொருளுதவியால் வெளிவந்த திருக்குறள் பரிமேலழகருரை, திருக்கோவையாருரை முதலியனவும், பல ஏடுகளை ஒப்பு நோக்கிப் பிழை களைந்த பதிப்புகள். ‘நாவலர் பதிப்பு’ என்றால் எழுத்துப்பிழை இராது என்னும் நம்பிக்கை கற்றவரிடையே வேரூன்றியது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் வெளியிட்ட தொல்காப்பியச் சேனாவரையமும் நாவலரின் பரிசோதனைக்கு உட்பட்டதே. 1864இற் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அது இன்றும் அவர் பெயரால் நடைபெறுகிறது.

கண்டனத்தில் அவருக்கிருந்த உற்சாகத்தை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. 1854இல் வந்த சைவதூஷண பரிகாரம் பாதிரிமாரின் ஆட்சேபங்களை அவர்களுடைய வேதத்தைக் கொண்டே மறுத்தது. மொழிபெயர்ப்பிலே கழித்த ஆண்டுகள் அங்கே பயன்பட்டன. ஆனால், சொந்தச் சைவரையும் அவர் விட்டாரில்லை. ஆகமத்துக்கு மாறான ஆட்டுப்பலியையும் கோயிற் பணத்தை விழுங்கிய அதிகாரிகளையும் பெயர் சுட்டியே தாக்கினார். 1872இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலை பெரும்பாலும் இக்கோபத்தின் பதிவு. இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என வழங்கலாகாதென்று அவர் தொடுத்த வாதம் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையிற் சென்றது. திருமுறைகளின் தனித்தன்மையைக் காப்பதே நோக்கமாயினும், ஏச்சுப் பத்திரங்களாய் முடிந்த அப்போரினால் இரு பக்கத்தாருக்கும் பெருமை சேரவில்லை.

வருணாசிரம முறையைச் சிறிதும் நெகிழ்த்த அவர் உடன்படவில்லை. பாலபாடத்திலும் அக்கொள்கை உண்டு. எளிய சாதியாருக்குத் தம் பாடசாலையில் இடங்கொடுக்காத இச்சீர்திருத்தக்காரரை விட, எதிர்ப்பக்கத்து மிஷன் பள்ளிகளே அவர்களுக்குக் கதவு திறந்தன. பின்வந்தோர் பலர் நாவலரை இதற்காகக் குறைகூறினர், அக்குறை நியாயமானதே.

இறுதிப் பத்தாண்டு பொதுவாழ்வில் விரிந்தது. மதம் மாறாமல் ஆங்கிலங் கற்க வழி வேண்டுமென்று 1872இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். பொருளில்லாமல் சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டிய 1877இல் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளுக்கு உணவளித்தார். பஞ்ச காலத்து அரசாங்க அதிபர் துவைனத்தின் நிருவாகத்தைக் கண்டித்தார். சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதி இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனை 1879இல் ஆதரித்துக் கூட்டங்களிற் பேசினார். இராமநாதன் நியமனம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் தேதி நாவலர் தேகவியோகமானார்.

அச்சுக்கூடத்தையும் வித்தியாசாலைகளையும் சதாசிவப்பிள்ளை முதலிய மாணாக்கர் நடத்தினர். 1888இல் யாழ்ப்பாணத்துச் சைவர் கூடிச் சைவபரிபாலன சபையை அமைத்து, அடுத்த ஆண்டில் இந்து சாதனம் பத்திரிகையைத் தொடங்கினர். அவர் காலத்திற் பொருளின்றி மூடிய ஆங்கிலப் பாடசாலையின் நோக்கம் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக நிறைவேறியது. அவர் ஆதரித்த இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிலே பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். பின்னதன் வளவிலே 1974இற் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது.