பானை ஓடு உரைக்கும் காலம்

அரசர் பொறித்த கல்வெட்டும் வெளியிட்ட காசும் பண்டை வரலாற்றுக்குச் சான்றாதலை நாம் அறிவோம். ஆயின், அவ்விரண்டும் கிடைக்காத ஊர்களே மிகப் பல. அவற்றின் காலத்தை உரைப்பது யாது? அடுக்களையில் உடைந்து குப்பையில் எறியப்பட்ட பானை ஓடே!

காசினை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேமித்து வைப்பர். மட்கலமோ எளிதில் உடையும்; உடைந்ததைப் பேணுவார் இலர்; அது மண்ணில் மக்குவதுமில்லை. கலத்தின் வடிவும் வனைவும் காலந்தோறும் மாறுவன. ஆதலின், கீழ் மண்ணடுக்கின் ஓடு முந்தியது, மேலடுக்கின் ஓடு பிந்தியது என வரிசை காணலாம். ஆண்டினை அறியவோ, காலம் தெரிந்த பொருளொன்று துணை வேண்டும்.

அத்துணை 1945ஆம் ஆண்டில் புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டில் கிட்டியது. தொல்பொருள் ஆய்வுத் துறைத் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரின் பெயரால் வழங்கும் செந்நிற மெருகுக் கலங்களின் ஓடுகள் வெளிப்பட்டன. அவற்றைக்கொண்டு அவ்வடுக்கின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என அவர் கணித்தார். உட்புறம் வட்ட வட்டமாய்ப் புள்ளிக்கோலம் பதிந்த வட்டில்களும் அங்கே மிகுதியாய்க் கிடைத்தன.

1947இல் வீலர், இன்றைய கருநாடகத்தின் சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரமகிரியை அகழ்ந்தார். அசோகரின் கல்வெட்டு அங்குப் பாறையில் உண்டு; எனினும் மண்ணடுக்குகளின் காலத்தை அது சொல்லவில்லை. மேலடுக்கில் கிடைத்த புள்ளிக்கோல வட்டிலின் ஓடுகளே சொல்லின. அவ்வடுக்கு அரிக்கமேட்டின் காலத்ததெனின், அதன் கீழமைந்த பெருங்கற்சின்ன மக்களின் வாழ்வு அதற்கும் முந்தியதன்றோ? கடற்கரை ஓடு உள்நாட்டு ஊருக்கு ஆண்டு தந்தது. தென்னாட்டுத் தொல்லியலுக்கு ஊன்றி நிற்க ஒரு நிலம் வாய்த்தது.

ஆயினும் ஓட்டின் சான்றையும் மீண்டும் மீண்டும் ஆய்தல் வேண்டும். 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை மீள அகழ்ந்த குழுவின் தலைவரான விமலா பெக்லி, அவ்வட்டில்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே வழக்கிலிருந்தன எனக் காட்டினார். நெடுங்காலம் புழங்கிய கலம் ஒரு கால எல்லையைத் தருமேயன்றி ஓராண்டைத் தாராது. அன்றியும், இத்தாலியக் கலங்கள் வருமுன்னரே அவ்வூர் செழித்திருந்ததென்பதும் இதனால் விளங்கிற்று.

விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் நாம், மனைக்கோ கிணற்றுக்கோ தோண்டுமிடத்தில் பழைய ஓடுகள் தோன்றின், அவற்றை வாரி எறியாமலும் நினைவுப் பொருளாய் எடுத்து வாராமலும், கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறையினருக்கு அறிவிப்போமாக. இடமும் அடுக்கும் அறியப்படாத ஓடு, வாயிழந்த சான்றே ஆகும்.