கட்டளையின்றி வந்தவர்கள்

பண்டைய இஸ்ரயேல் மக்களின் ஆண்டு மூன்று திருப்பயணங்களைச் சுற்றி அமைந்திருந்தது. இளவேனிலில் பாஸ்கா, ஏழு வாரங்களுக்குப் பின் அறுவடையின் பெருவிழாவாகிய பெந்தக்கோஸ்து, கனிகளைச் சேர்த்து முடித்தபின் கூடாரப் பெருவிழா. இவற்றில் ஆண்டவர் திருமுன் வந்து நிற்க வேண்டியவர் யார் என்பதை விடுதலைப் பயண நூலும் இணைச்சட்ட நூலும் ஐயத்திற்கு இடமின்றி உரைக்கின்றன. ஆண்மக்கள் அனைவரும் வரவேண்டும், வெறுங்கையராய் வரலாகாது. பெண்களுக்கு அக்கட்டளை இல்லை.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு, இக்கடமையினின்று விலக்குப் பெற்றோரை வரிசைப்படுத்துகின்றது. சிறுவர், பெண்கள், அடிமைகள், முடவர், பார்வையற்றோர், நோயாளர், முதியோர் என அப்பட்டியல் நீள்கின்றது. குறித்த காலத்தில் செய்தே தீரவேண்டிய கட்டளைகள் பெரும்பாலும் பெண்களைக் கட்டுப்படுத்தா என்பது ரபிகள் வகுத்த பொது விதி. கைக்குழந்தையை ஏந்திய தாய்க்கு நெடும்பயணத்தினின்று விலக்களிப்பதில் இரக்கம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், கடமையில்லாதவர் நாளடைவில் கணக்கிலும் இல்லாதவராகி விடுவர் என்னும் அச்சமும் அப்பட்டியலைப் படிக்கும்போது எழாமல் இல்லை.

ஆனால் பெண்கள் வந்தார்கள். விழாவின் மகிழ்ச்சியில் மகளும் பணிப்பெண்ணும் கைம்பெண்ணும் பங்குபெற வேண்டும் என்று இணைச்சட்ட நூலே பணிக்கின்றது. ஏழாண்டுக்கு ஒருமுறை, கூடாரப் பெருவிழாவின்போது, திருச்சட்டம் வாசிக்கப்படுவதைக் கேட்க ஆண், பெண், சிறுவர் அனைவரும் கூடிவர வேண்டும் என்றும் அது கூறுகின்றது. பின்னாளில் எருசலேம் கோவிலில், பெண்கள் முற்றம் என வழங்கிய பகுதி நூற்று முப்பத்தைந்து முழச் சதுரமாக விரிந்திருந்ததை மிஷ்னா குறிக்கின்றது. பாஸ்கா விழாவுக்கு இயேசுவின் பெற்றோர் இருவருமே ஆண்டுதோறும் எருசலேம் சென்றனர் என்பது லூக்கா தரும் செய்தி. சட்டம் பணித்தது யோசேப்பை மட்டுமே.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக நிற்பவர் அன்னா. எருசலேமில் கோவில் எழும்பாத காலம் அது. எப்ராயிம் மலைநாட்டு எல்கானா தம் மனைவியர் இருவருடனும் ஆண்டுதோறும் சீலோவுக்குச் சென்று வந்தார். பலி செலுத்துவதும் அதன் பங்குகளைப் பகிர்ந்தளிப்பதும் அவர் பொறுப்பு. பிள்ளைப்பேறற்ற அன்னாவோ கண்ணீரன்றி வேறு காணிக்கை இல்லாதவராய் இறைவன்முன் நின்றார். உதடுகள் அசைந்தன; குரல் எழவில்லை. குரு ஏலி அவரைக் குடிவெறியில் இருப்பவர் என எண்ணிக் கடிந்துகொண்டார். குருவாகிய எனக்கு இவ்விடம் எப்போதும் சுடுகின்றது. திருத்தலத்தின் பொறுப்பாளரே தம் கண்முன் நிகழ்ந்த மன்றாட்டை அடையாளம் காணவில்லை!

ரபிகள் அடையாளம் கண்டார்கள். உள்ளம் ஒன்றி வேண்டுதல், உதடுகளால் சொற்களை உருவாக்குதல், குரலை உயர்த்தாதிருத்தல் ஆகிய நெறிகளைப் பாபிலோன் தல்மூது அன்னாவிடமிருந்தே பெறுகின்றது. வரவேண்டிய கடமையற்ற பெண்ணொருத்தி, வரவேண்டிய ஆண்மக்கள் அனைவருக்கும் மன்றாடக் கற்பித்தாள்.

எனினும் இழுபறி ஓயவில்லை. யோனாவின் மனைவி விழாப் பயணம் மேற்கொண்டதாகவும், அறிஞர்கள் அவரைத் தடுக்கவில்லை என்றும் பாபிலோன் தல்மூது கூறுகின்றது. எருசலேம் தல்மூதோ, அவர் திருப்பி அனுப்பப்பட்டார் என்னும் மற்றொரு மரபையும் பதிந்து வைத்துள்ளது. கி.பி. 70இல் கோவில் அழிந்தது, பலிகளும் நின்றன. ஆயினும் அவ்வினா மறையவில்லை. மேற்குச் சுவரருகே ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் வேண்டுகின்றனர். அங்கே திருச்சட்டச் சுருளேந்தி உரத்த குரலில் வேண்டும் உரிமைக்காக 1988 முதல் யூதப் பெண்கள் சிலர் போராடி வருகின்றனர். வரலாமா என்னும் பழைய கேள்வி, வந்தபின் குரலெழுப்பலாமா என்று மாறி நிற்கின்றது.

மகன் பிறந்தபின், அவன் பால்குடி மறக்கும்வரை அன்னா சீலோவுக்குச் செல்லவில்லை. சட்டம் தந்த விலக்கின் நியாயம் அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னர் மகனை ஆண்டவருக்கே கையளித்தார். அதன்பின்னும் பயணம் நிற்கவில்லை. ஆண்டுதோறும் கணவருடன் பலி செலுத்தச் சென்றபோது, வளர்ந்துவரும் சாமுவேலுக்காகச் சிறு மேலாடை ஒன்றைத் தைத்து எடுத்துச் சென்றார் என்கிறது திருநூல். வெறுங்கையராய் வரலாகாது என்னும் கட்டளை அவருக்கு இடப்பட்டதன்று. ஆயினும் அவர் ஓராண்டும் வெறுங்கையோடு வரவில்லை.