குடிசன மதிப்பீடும் நமது கல்வித் தகைமையும்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் கல்வி அட்டவணையில் ஆறு வகைகளே உண்டு: பாடசாலை செல்லாதோர், ஆரம்பம், இரண்டாம் நிலை, க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம், பட்டமும் அதற்கு மேலும். ஆசிரியர் கலாசாலையில் நான் பெற்ற சான்றிதழுக்கு அதில் தனி இடமில்லை; உயர்தரத்தோடு நிற்கிறேன். அது போகட்டும். எட்டாம் தரத்தோடு பாடசாலையை விட்டு, அரபுக் கல்லூரியில் ஏழாண்டு ஓதிய மௌலவியும் "இரண்டாம் நிலை"தான்.

என்னை உறுத்துவது வேறு. வாசலில் பதில் சொல்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். மருமகளின் படிப்பைக் கேட்டால், "அவ வீட்டிலதான் இருக்கிறா" என்பார். உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை அங்கேயே ஒரு படி இறங்கிவிடுவாள். பரீட்சைக்குத் தோற்றியதையும் சித்தியடைந்ததையும் ஒன்றாகச் சொல்வோரும் உண்டு. கணக்கெடுப்பாளர் வந்தால் இக்கேள்விக்கு உரியவரையே பேச விடுங்கள். சான்றிதழைப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.